கழற்றக்கூடிய வயரா? முதல் நல்ல ஹெட்போன் வாங்குபவர்களுக்கு

திருகோணமலை அனுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை. அங்கேதான் 22 வருடமாக ரேடியோ, அம்ப்ளிஃபயர், போன், ஹெட்போன் எல்லாம் திருத்துகிறேன். போன மாசி மாதம் அக்காவின் மகள் வந்து எதிரே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வயது 19. சங்கீதம் படிக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துச் சேர்த்த 50,000 ரூபாய் கையில் இருந்தது. "மாமா, நல்ல ஹெட்போன் ஒண்டு வாங்கப் போறன். எதை வாங்கலாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் வேறொருவர் சொன்ன பெயரை நம்பி வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் என் மேசைக்கு வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. மூன்று வாரம் இருவரும் சேர்ந்து தேடினோம். அந்தத் தேடலில் அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். முதன்முதலாகக் காசு போட்டு ஒரு நல்ல ஹெட்போன் வாங்க நினைக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் மேசையில் நான் காண்பதைச் சொல்கிறேன். பழுதென்று வரும் ஹெட்போனைத் திறந்தால், உள்ளே ஒலியெழுப்பும் ட்ரைவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். போயிருப்பது வயர். இல்லாவிட்டால் காதில் படும் மெத்தை. அதுவும் இல்லாவிட்டால் மடிக்கும் இடத்தில் உள்ள கீல். எங்கள் ஊர் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்னும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலிருந்து வரும் வயரின் தோலைச் சீவினால், செம்பு இழை பச்சையாகக் களிம்பேறிக் கிடக்கும். அதில் ஈயம் பிடிக்காது, உருண்டு விழும். ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம் என்று வெட்டிக்கொண்டே போய், சிவந்த செம்பு தெரியும் இடத்தில்தான் ஒட்ட வேண்டும். அந்த இழைகள் தலைமயிரை விட மெல்லியவை. ஒன்றையொன்று தொடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் நிற அரக்குப் பூசியிருப்பார்கள்: சிவப்பு, பச்சை, செப்பு நிறம். சோல்டரிங் அயனின் நுனியில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, அதற்குள் இழையை அமிழ்த்திப் பிடித்தால் அரக்கு புகைந்து எரியும், இழை வெள்ளியாகப் பளபளக்கும். அப்போதுதான் உயிர் வந்தது என்று அர்த்தம். பச்சை இழையில் மட்டும் எனக்கு எப்போதும் சந்தேகம். அது அரக்கின் பச்சையா, களிம்பின் பச்சையா என்று கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பேன்.

நான் முதன்முதலாகக் காசு சேர்த்து வாங்கிய ஹெட்போனில் வயரை இடப்பக்கக் கிண்ணத்துக்குள்ளேயே பசை ஊற்றி மூடியிருந்தார்கள். இரண்டாவது மாரியில் வயர் அறுந்தது. விற்றவர்களிடம் கேட்டேன். மாற்று வயர் கிடையாது, புதிது வாங்குங்கள் என்றார்கள். நானே வெட்டி வெட்டி ஒட்டினேன். கடைசியில் மேசைக்கு எட்டாத அளவுக்கு வயர் குறுகிப்போனது. ட்ரைவர் இரண்டும் இன்றைக்கும் அருமையாகப் பாடும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே என் முதல் கேள்வி இதுதான்: தேயும் பாகங்களை மாற்ற முடியுமா? வயரைக் கழற்றி வேறு வயர் போட முடிய வேண்டும். மெத்தையை விரலால் இழுத்துக் கழற்றிப் புதிதை மாட்ட முடிய வேண்டும். அந்த வயரும் மெத்தையும் தனியாக விலைக்குக் கிடைக்க வேண்டும். கடையில் கேட்க முதல், போனில் அந்த மாடலின் பெயரோடு மெத்தை, வயர் என்று தேடிப் பாருங்கள். பல கம்பெனிகள் அதற்கு மெத்தை செய்து விற்கின்றன என்றால், அந்த ஹெட்போனைப் பலர் வருடக்கணக்கில் வைத்துப் பாவிக்கிறார்கள் என்று பொருள். சென்ஹைசர் எச்டி 600 வந்தது 1997 இல். அதற்கு இன்றும் மெத்தை, வயர் எல்லாம் வாங்கலாம். சோனி எம்டிஆர்-7506 வந்தது 1991 இல்; உலகமெங்கும் ஒலிப்பதிவு அறைகளில் தொங்குவது அது. அதன் சுருள் வயர் கழலாது என்பது எனக்குக் குறைதான். ஆனால் அதன் உதிரிப்பாகங்களும் திருத்தும் முறையும் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அதை மட்டும் மன்னித்துவிடுவேன்.

சரி, அடுத்தது எங்கே இருந்து கேட்கப் போகிறீர்கள் என்பது. ஹெட்போன் இரண்டு சாதி. கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருப்பது ஒன்று. வலைபோலத் திறந்திருப்பது மற்றது. திறந்ததில் ஒலி காதுக்குள் முட்டிக்கொண்டு நிற்காது. பக்கத்து வீட்டு முற்றத்தில் யாரோ வாசிப்பதைப் போல ஒரு வெளி கிடைக்கும். 1968 இல் சென்ஹைசர் எச்டி 414 என்று ஒன்றை வெளியிட்டது. திறந்த வகையில் சந்தைக்கு வந்த முதலாவது அதுதான். அதற்கு முன் ஹெட்போன் என்றால் காதை இறுக்கி அடைப்பது என்றிருந்ததை அது மாற்றியது.

திறந்ததன் சிக்கல், உள்ளே கேட்பது வெளியே கேட்கும், வெளியே கேட்பது உள்ளே கேட்கும். மின்விசிறி, காகம், தெருவில் போகும் ஓட்டோ, கோவில் ஸ்பீக்கர் எல்லாம் பாட்டோடு சேர்ந்துவிடும். உவர்மலையில் அமைதியான வீட்டில், இரவு பத்து மணிக்குப் பிறகு தனியறையில் கேட்பவர் என்றால் தயங்காமல் திறந்ததை எடுக்கச் சொல்வேன். அதன் சுகம் வேறு. மருமகளின் வீடு தெருவோரம். ஒரே அறையில் அம்மாவும் படுக்கிறாள். பாடிப் பதிவு செய்யும்போது ஹெட்போனில் ஓடும் சுருதி மைக்குக்குள் போகவும் கூடாது. அவளுக்கு அடைத்ததுதான் சரி. கொழும்புக்கு இரவு ரயிலில் போய் வருபவர்களுக்கும் அதுதான்.

அடைத்ததில் ஒரு கஷ்டம், வியர்வை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் செயற்கைத் தோல் மெத்தைக்குள் காது அவியும். அந்தத் தோல் வியர்வையில் ஊறி, ஒன்றிரண்டு வருடத்தில் உரிந்து, கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் போன்ற துணி மெத்தை இந்த ஊருக்கு நல்லது. பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட சாம்பல்நிற மெத்தையோடுதான் வருகின்றன. ஆனால் ஒன்று கவனியுங்கள்: தோலைக் கழற்றித் துணியைப் போட்டால் ஒலியும் மாறும். பெரும்பாலும் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிகளின் கனம், கொஞ்சம் குறையும். அது பழுதல்ல. மெத்தையும் ஒலியின் ஒரு பாகம்.

தலையில் எப்படி உட்காருகிறது என்பதைக் கடைசியாகப் பார்ப்பவர்கள் அதிகம். நான் அதை ஒலிக்கு முன் பார்ப்பேன். ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து எதுவும் தெரியாது. இருபது நிமிடம் வேண்டும். உச்சியில் ஒரே இடத்தில் அழுத்துகிறதா, காதின் நுனி உள்ளே எதிலாவது முட்டுகிறதா, தாடை அசைத்தால் நகர்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடைவெளியால் பேஸ் ஒழுகிப் போய்விடும். மருமகள் முதல் கடையில் ஒரு ஹெட்போனைப் போட்டுவிட்டு "பேஸே இல்லை மாமா" என்றாள். காதில் போட்டிருந்த தோடு மெத்தையைத் தள்ளிக்கொண்டிருந்தது. தோட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். அதே ஹெட்போன், அதே பாட்டு, முகம் மாறிவிட்டது. தினமும் தோடு கழற்ற அவளுக்கு மனமில்லை. ஆழமான மெத்தை உள்ளதைத் தேடினோம்.

இனி எண்கள். அந்தக் கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டி, இது 40,000 ஹேர்ட்ஸ் வரைக்கும் கேட்கும் என்றார். மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 இலிருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரைதான். எண் கூடக் கூட ஒலி கீச்சென்று உயரும். வயது ஏற ஏற அந்த மேல்பக்கம் கேட்பது குறைந்துகொண்டே வரும். அந்த எண்ணை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு: மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடையைச் சொல்லும் ஓம், சத்தத்தின் அளவைச் சொல்லும் டெசிபல்.

ஓம் என்பதைத் தண்ணீர்த் தொட்டியின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு ஏற்ற வலுவான மோட்டார் வேண்டும். 32, 38, 63 ஓம் ஹெட்போன்களைச் சாதாரணப் போன் இழுத்துவிடும். எச்டி 600, எச்டி 650 இரண்டும் 300 ஓம்; போனில் போட்டால் பாடும், ஆனால் முழு சத்தத்துக்கு வைத்தும் அடங்கியே கேட்கும். ஒரே மாடலையே பல ஓமில் விற்பதும் உண்டு. டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று கிடைக்கிறது. போனில் கேட்பவர் தெரியாமல் 250 ஐ வாங்கி வந்து, பழுது என்று என்னிடம் நீட்டியிருக்கிறார்.

டெசிபல் எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. எச்டி 650 இன் விவரத்தில் 103 டெசிபல் என்றிருக்கும். ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸில் 99 என்றிருக்கும். 103 தான் சத்தமாகக் கேட்கும் என்று நினைப்போம். அப்படியில்லை. 103 என்பது ஒரு வோல்ட் கொடுத்தால் வரும் சத்தம். 99 என்பது ஒரு மில்லிவாட் கொடுத்தால் வருவது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கணக்குப் பார்த்தால், ஒரே போனில் எம்50எக்ஸ்தான் பத்து டெசிபல் அளவு கூடுதலாகக் கேட்கும். ஆகவே எண்ணுக்குப் பின்னால் வோல்ட் என்றிருக்கிறதா, மில்லிவாட் என்றிருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்பிட வேண்டாம். முதல் ஹெட்போனுக்கு என் யோசனை எளிது: 80 ஓமுக்குக் கீழே எடுங்கள். அம்ப்ளிஃபயர் வாங்கும் காசை ஹெட்போனிலேயே போடுங்கள். போனில் ஜாக் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பி-சி இலிருந்து 3.5 மில்லிமீற்றருக்கு மாற்றும் சிறிய வயர் போதும். ஆனால் அந்தத் துண்டுக்குள்ளேயே டிஜிட்டலை ஒலியாக்கும் சிப் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத மலிவானது பல போன்களில் வேலையே செய்யாது.

புளூடூத் வேண்டாமா என்று கேட்பீர்கள். பஸ்ஸில் போய் வருபவருக்கு, என்ஜின் இரைச்சலைக் குறைக்கும் வகை மிகவும் உதவும். நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதற்குள் பற்றரி இருக்கிறது, பற்றரிக்கு ஆயுள் இருக்கிறது, பலவற்றில் அதை ஒட்டி மூடியிருக்கிறார்கள். பாடிப் பழகுபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே வரும். தன் குரலை அதில் கேட்டுக்கொண்டே பாடினால் தாளம் கலைந்துவிடும். அதே விலைக்கு வயர் உள்ளதில் ஒலிக்குப் போகும் காசும் கூடுதல்.

கேட்டுப் பார்ப்பது எப்படி என்பதில் நான் கொஞ்சம் நேரம் செலவழிக்க விரும்புகிறேன். நல்ல ஹெட்போன்களை வரிசையாக வைத்துக் கேட்கவிடும் கடை எங்கள் ஊரில் நாங்கள் தேடியவரை அகப்படவில்லை. இரவு ரயிலேறிக் கொழும்பு போய், பம்பலப்பிட்டியில் பகல் முழுவதும் நடந்தோம். போவதற்கு முன் மூன்று பாட்டைப் போனிலேயே இறக்கி வைக்கச் சொன்னேன். நூறு முறை கேட்டுச் சலித்த பாட்டாக இருக்க வேண்டும். கடைக்காரர் போடும் பாட்டு எந்த ஹெட்போனிலும் நன்றாகத்தான் கேட்கும். அதற்கென்றே தெரிந்தெடுத்து வைத்திருப்பார்கள்.

மூன்றில் ஒன்று, வாத்தியம் நேரில் எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். எனக்கு அது தவில். சிறுவயதிலிருந்து காளி கோவில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவன். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விரல்கூடு படும்போது சுள்ளென்று தெறிக்கும்; தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், கழி விழும்போது நெஞ்சில் ஒரு முட்டு முட்டி, உடனே அடங்கும். அந்த உடனே அடங்குவதுதான் சோதனை. பேஸைக் கூட்டி வைத்த ஹெட்போனில் தொப்பியின் அடி அடங்காமல் உப்பி நின்று, அடுத்து வரும் சொற்கட்டை மூடிவிடும். மேல்பக்கம் கூடினதில் விரல்கூடு தகரத்தில் தட்டுவதுபோல் காதைக் குத்தும், நாதஸ்வரம் கத்தும். இரண்டும் இல்லாமல், தவில்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு கை காட்ட முடிந்தால் அந்த ஹெட்போன் நல்லது. மருமகள் தன் குருவின் குரல் பதிவை வைத்துக் கேட்டாள். ஒன்றில் குரல் நன்றாக இருந்தது, தம்புராவின் தந்தி காணாமல் போனது. இன்னொன்றில் ஒவ்வொரு வரிக்கும் முன் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. "இத்தனை வருசம் இந்த மூச்சு இதுக்குள்ள இருந்ததா?" என்று என் கையைப் பிடித்தாள்.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கள். கொஞ்சம் சத்தம் கூடினதே எப்போதும் நல்லதாகத் தோன்றும். காதின் இயல்பு அது. ஒன்றைக் கேட்டு, குரல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மனதில் வைத்து, மற்றதிலும் அந்த அளவுக்கு வைத்துவிட்டு, பாட்டின் அதே அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். போனில் உள்ள பேஸ் பூஸ்ட் போன்றவற்றை எல்லாம் முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். அப்புறம், வாங்கி வந்த முதல் நாளே முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் அதை மட்டும் கேளுங்கள். மெத்தை தலைக்குப் பழகும். அதை விட, காது பழகும்.

போலிகள் நிறைய. பெயர்பெற்ற மாடல் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கையில் தூக்கி எடை பாருங்கள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் வயர் இல்லாமல் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். கறிக்கடைத் தராசு கூட வேண்டாம், சமையலறைச் சிறு தராசு போதும். மெத்தையைக் கழற்றினால் உள்ளே தையல், பசை, அச்செழுத்து எல்லாம் தெரிந்துவிடும். அதற்குக் கடையில் விடாவிட்டால் அங்கே வாங்காதீர்கள்.

நாங்கள் கடைசியில் எடுத்தது ஓடியோ-டெக்னிக்கா எம்40எக்ஸ். அடைத்தது, 35 ஓம், வயர் கழலும், மெத்தை எங்கும் கிடைக்கும். வயரின் முனையைச் செருகித் திருப்பிப் பூட்ட வேண்டிய வகை என்பதால் எந்த வயரும் போகாது. அது தெரிந்துதான் எடுத்தோம். மெத்தை மட்டும் அவள் தோட்டுக்கு ஆழம் போதவில்லை. மிஞ்சிய காசில் ஆழமான துணி மெத்தை ஒரு சோடி தனியாக வாங்கினோம். உங்கள் தலைக்கும் வீட்டுக்கும் வேறொன்று சரிவரலாம். காசு குறைவென்றால் 1984 இலிருந்து விற்கும் காஸ் போர்ட்டா ப்ரோவைப் பாருங்கள். காதின் மேல் உட்காரும் சின்னத் திறந்த வகை. அந்த விலையில் அப்படிப் பாடும் வேறொன்றை நான் கேட்டதில்லை.

சத்தத்தைப் பற்றி அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83 இல் 20 மணி, 86 இல் 10, 89 இல் 5. நல்ல ஹெட்போனில் ஒலி கரகரக்காது என்பதால், கூட்டியது தெரியாமலே கூட்டிக்கொண்டு போவோம். கேட்டு முடித்துக் கழற்றிய பிறகு காதில் கீயென்று இரைந்தால் அளவு மீறிவிட்டது. போன வயரை நான் ஒட்டித் தருவேன். காது நரம்புக்கு என்னிடம் ஈயம் இல்லை.

பாதுகாப்பது பெரிய வேலை இல்லை, ஆனால் இந்த ஊரில் செய்தே ஆக வேண்டும். பாவித்து முடிந்ததும் மெத்தையின் வியர்வையைக் காய்ந்த துணியால் துடைத்து, காற்றாடத் தொங்கவிடுங்கள். வயரை ஹெட்போனைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். கயிறு சுருட்டுவதுபோல் அகலமான வளையமாக விடுங்கள். வயர் அறுவது பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தில்தான், ஆகவே கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் ஜாக்கைப் பிடியுங்கள். மாரி காலத்தில் பெட்டிக்குள் வைப்பதென்றால் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். ஜாக் மங்கலாகி, திருப்பினால் கரகரத்தால், பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்தால் போதும். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சுப் போய் களிம்பு இன்னும் விரைவாக ஏறும்.

பில்லை வாங்கிய அன்றே போனில் படமெடுத்து வையுங்கள். கடைகளில் தரும் அந்த வழுவழுப்பான தாள் சூடு பட்டால் மங்கிவிடும். எங்கள் ஊர் வெக்கையில் உத்தரவாதக் காலம் முடியுமுன்னே அது வெறும் தாளாகிவிடும்.